சம்பளத் தேதியும் சிவப்புத் தொட்டியும்: சின்னக் கம்பெனி நடத்துபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூர் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் 17 வருடமாக ஒரு டர்னிங் பட்டறை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின் (சிஎன்சி) 6, அதே மாதிரி மில்லிங் மெஷின் (விஎம்சி) ஒன்று, விற்க மனசு வராத 2 பழைய லேத், மொத்தம் 34 பேர். பம்புக்கும் வால்வுக்கும் போகிற சின்னச் சின்ன பாகங்களை ஜாப் ஒர்க்காகக் கடைந்து கொடுக்கிறோம். சம்பள வேலையை விட்டுவிட்டுப் புதிதாகத் தொழில் ஆரம்பித்த நம்ம ஆட்கள் பார்க்கும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். டீக்கடை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். நான் படித்தது டிப்ளமோ, மேனேஜ்மென்ட் எல்லாம் தெரியாது. மோசமான முதலாளியாக ஆரம்பித்து மெதுவாகத் தேறியவன் என்பதுதான் என் தகுதி.

முதலாளி காலையில் முதல் ஆளாக வந்துவிட வேண்டுமா?

வேண்டாம். எங்கள் முதல் ஷிஃப்ட் 6 மணிக்கு, நான் வருவது 8 மணிக்கு. வந்ததும் என் ரூமுக்குப் போகாமல் நேராக ஷாப்புக்குள் நுழைந்து ஒரு சுற்று வருவேன், தினமும் ஒரே வழியில். முதலில் ரிஜெக்ஷன் தொட்டி, கெட்டுப்போன பீஸ்களைப் போடுவது, சிவப்புப் பெயின்ட் அடித்தது. ராத்திரி என்ன நடந்தது என்பதை சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்கு முன்பே அது சொல்லிவிடும். அப்புறம் கூலன்ட் நாற்றம் அடிக்கிறதா, தரையில் எண்ணெய் கிடக்கிறதா, கேஜ்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா, கடைசியில்தான் ஆட்கள். இந்தச் சுற்றில் யாரையும் "ஏன்" என்று கேட்பதில்லை. காலங்காத்தாலே முதலாளி கேட்கிற "ஏன்"க்கு உண்மையான பதில் வராது, தப்பிக்கிற பதில்தான் வரும். பார்த்ததை நோட்டில் எழுதிக்கொண்டு 10 மணி டீக்கு அப்புறம் பேசுவேன். தினமும் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒருநாள் போய் நாலு நாள் போகாமல் விட்டால் அதற்குப் பெயர் சுற்று இல்லை, ரெய்டு.

சம்பளம் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போனால் என்ன ஆகிவிடும்? யாரும் ஒன்றும் சொல்வதில்லையே?

மாதம் முடிந்து 7-ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம்மைப் போன்ற சின்ன இடங்களுக்கு 1936-இல் வந்த சம்பளச் சட்டத்திலிருந்தே இப்படித்தான். ஆனால் நான் திருந்தியது சட்டத்துக்குப் பயந்து இல்லை.

ஆரம்பத்தில் நானும் 7 என்று சொல்லிவிட்டு 9, 11 என்று இழுத்தவன்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் கஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் லக்கெரேயில் குடியிருந்த ஹெல்பர் ஒருவர் திடீரென்று நின்றுவிட்டார். பக்கத்துத் தெருக் கம்பெனியில் 500 ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு சேர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்து, நேரில் பிடித்துக் கேட்டேன். வீட்டுக்காரர் மாதம் 5-ஆம் தேதி வாடகைக்கு வந்து நிற்பாராம். இவர் ஒவ்வொரு மாதமும் 3,000 ரூபாய் கைமாற்று வாங்கி, என் சம்பளம் வந்ததும் நூற்றுக்குப் பத்து வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார். என் தாமதத்துக்கு அவர் வட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கே பேங்கில் அவ்வளவு வட்டி கிடையாது.

இப்போது 5-ஆம் தேதி. அதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாதச் சம்பளத்தில் கால் பங்கைத் தனி அக்கவுன்ட்டில் போட்டுவிடுவேன். மெஷின் இஎம்ஐ, இன்செர்ட் (மெஷினில் மாட்டுகிற வெட்டுமுனை) பில், 20-ஆம் தேதி ஜிஎஸ்டி, எது தலைக்கு மேலே நின்றாலும் அந்த அக்கவுன்ட்டைத் தொடுவதில்லை. இத்தனை வருடத்தில் தொட்டது இரண்டு தடவை, அதில் ஒன்றைப் பிறகு சொல்கிறேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சம்பளம் தள்ளிப் போகிற கம்பெனியில் "வியாழக்கிழமைக்குள் இந்த லாட் முடியணும்" என்று சொல்ல முதலாளிக்கு வாய் எழாது. எழுந்தாலும் ஆட்கள் தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் சிரிப்பார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது வீட்டில் வேண்டுமானால் செல்லும், பட்டறையில் செல்லாது.

நமக்கு வர வேண்டிய பணமே வராதபோது தேதியை எப்படிக் காப்பாற்றுவது?

நியாயமான கேள்வி. முதலில் சட்டம் என்ன தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பேருக்கு இது தெரியவில்லை. உத்யம் என்கிற மத்திய அரசுப் பதிவைச் செய்த குறு, சிறு தொழிலிடமிருந்து சரக்கோ சேவையோ வாங்குபவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் இது. தாண்டினால் ரிசர்வ் பேங்க் அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது: இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், உண்மையில் கொடுக்கிற வருடத்தில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு, வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குக் கிடையாது. உத்யம் பதிவு இலவசம். யாராவது 2,000 ரூபாய் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, இதை வைத்து நடைமுறையில் என்ன செய்வது? பணம் தராதவர் மேல் அரசின் இணையதளத்தில் புகார் போடலாம். உங்கள் வருமானத்தில் பாதியைத் தருகிற வாடிக்கையாளர் மேல் போட்டுவிட்டு மறுநாள் அவர் கேட்டில் போய் நிற்க முடியுமா என்பதுதான் விஷயம். நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. பணம் வராமல் 46-ஆம் நாள் கத்துவதை விட்டுவிட்டு 30-ஆம் நாளே அவர்கள் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்டுக்குப் போன் போடுகிறேன், சண்டைக்கு இல்லை, "இன்வாய்ஸ் புக் ஆகிவிட்டதா, ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான சீட்டு) போட்டாச்சா" என்று கேட்பதற்கு. பணம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் கெட்ட எண்ணம் இல்லை, யாரோ ஒருவர் மேஜையில் தூங்குகிற ஒரு தாள். மார்ச் வந்தால் மட்டும் அந்த வரி விஷயத்தைச் சிரித்த முகத்தோடு ஞாபகப்படுத்துவேன், உடனே வேலை செய்கிறது. இன்னொரு கட்டுப்பாடு, எந்த வாடிக்கையாளரும் என் பில்லிங்கில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இதைக் கடைப்பிடிக்க ஒரு நல்ல ஆர்டரையே ஒருமுறை விட வேண்டியிருந்தது, வீட்டில் ஒரு வாரம் பேச்சு வாங்கினேன்.

தப்பு செய்தவனை எல்லார் முன்னாலும் திட்டினால்தானே மற்றவர்களுக்குப் பயம் வரும்?

பயம் வரும். அதுதான் பிரச்சினை.

ஒரு ஆயுத பூஜைக்கு முந்தின நாள். இங்கே பட்டறைகளில் அன்றைக்குத்தான் வருடத்தின் நிஜமான சுத்தம் நடக்கும், மெஷினை நகர்த்தித் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மறுநாள் பூசணிக்காய் உடைப்போம். பழைய லேத்துக்குப் பின்னால் கோணிப்பை போட்டு மூடிய ஒரு பெட்டி கிடைத்தது. திறந்தால் 260 பித்தளை புஷ், பளபளவென்று. அளந்து பார்த்தால் அத்தனையிலும் போர், அதாவது நடுத் துளை, 40 மைக்ரான் பெரிது. இன்செர்ட் மாற்றிவிட்டு, அதற்கேற்ப மெஷினில் திருத்த வேண்டிய அளவை (ஆஃப்செட்) திருத்தாமல் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதமாக அந்த லாட்டில் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது, வாடிக்கையாளர்தான் எண்ணிக்கையில் ஏமாற்றுகிறார் என்று நான் அவரோடு மல்லுக்கு நின்றிருந்தேன். வெட்கக்கேடு.

யார் ஓட்டியது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. நல்ல பையன், ஆறு வருடமாக இருப்பவன். "ஏன்டா சொல்லலை?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கு முந்தின வாரம் ஒருத்தரை எல்லார் முன்னாடியும் திட்டினீங்களே அண்ணா, அவர் அம்மாவைப் பத்திக்கூடச் சொன்னீங்களே" என்றான். நான் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அவனுக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது.

அன்றைக்கு வைத்த விதி இது. கெட்டுப்போன பீஸை அதே ஷிஃப்ட்டில் வெளியே சொல்லிச் சிவப்புத் தொட்டியில் போட்டால் திட்டும் கிடையாது, பிடித்தமும் கிடையாது. மறைத்துப் பிறகு தெரிந்தால் வேலை போகும். அடுத்த மாதம் தொட்டி இரண்டு மடங்கு நிறைந்தது. கணக்குப் பார்க்கிறவர் பதறிப்போய், தரம் கெட்டுவிட்டது சார் என்றார். தரம் அப்படியேதான் இருந்தது, முன்பு கண்ணில் படவில்லை, இப்போது படுகிறது, அவ்வளவுதான். அந்தத் தொட்டியைக் கிளறித்தான் எந்த மெஷினில், எந்த ஷிஃப்ட்டில், என்ன காரணத்துக்குக் கெடுகிறது என்றே எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஒரு விதிவிலக்கு. சக் சாவியை, பீஸைப் பிடித்துச் சுற்றுகிற சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சில் கை வைப்பவனையும், லேத்தில் கையுறை போட்டுக்கொண்டு நிற்பவனையும் பார்த்தால் தொண்டை கிழியக் கத்துவேன், எல்லார் முன்னாலும், அந்த நிமிடமே. அங்கே கௌரவத்தைவிடக் கைவிரல் பெரிது.

பெரிய கம்பெனிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அவர்கள் சுவரில் மாட்டுகிற வாசகங்களில் இல்லை. மேலே சொன்ன விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டொயோட்டா தொழிற்சாலைகளில் கோளாறு கண்ணில் பட்டால் லைனில் நிற்கிற சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து எச்சரிக்கலாம், சரியாகாவிட்டால் லைன் நின்றுவிடும். அந்தக் கம்பெனி பெங்களூர் பக்கத்தில் நம் பிடதியிலேயே கார் செய்கிறது. இதைப் பல வருடம் முன்பே கேள்விப்பட்டிருந்தும், ஒரு கோணிப்பையைத் தூக்கிப் பார்க்கும் வரை எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை.

மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் பஸ் விட்டார். அந்த பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்று எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் சொல்வார்கள். எத்தனை பஸ் விட்டார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, நேரத்துக்கு வந்தது என்பதைத்தான் சொல்கிறார்கள்.

லால்பாக் பக்கம் எம்டிஆர் 1924-இல் ஆரம்பித்த கடை. எமர்ஜென்சி சமயத்தில் ஓட்டல் பண்டங்களுக்கு அரசு கட்டாயமாகக் குறைந்த விலை வைக்கச் சொன்னபோது, அந்த விலைக்குப் பழைய தரத்தில் கொடுக்க முடியாமல் தவித்தார்கள். நெய்யைக் குறைத்து ஓட்டியிருக்கலாம். அவர்கள் பொட்டலத்தில் விற்கிற உடனடி மாவு, பொடி வகைகளின் பக்கம் திரும்பினார்கள். இன்று ஊர் உலகமெல்லாம் அந்தப் பெயர் தெரிவது அதனால்தான். விலையில் நெருக்கினால் தரத்தில் கை வைக்காமல் வேறு வழி தேடு என்று எடுத்துக்கொண்டேன். கடைப்பிடிப்பது கஷ்டம், ஒரு தடவை மலிவு பித்தளை வாங்கிச் சூடு பட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது. பொறுப்பை எப்படி ஒப்படைப்பது?

எனக்கும் இது வரவில்லை, கட்டாயத்தில்தான் வந்தது. 2018-இல் அம்மாவுக்கு ஆபரேஷன், 9 நாள் வேலூரில் இருக்க வேண்டியதாயிற்று. முதல் நாள் பட்டறையிலிருந்து 41 போன். ஆஸ்பத்திரி வராண்டாவில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒவ்வொரு போனும் எதற்கு வந்தது என்று டைரியில் எழுத ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. 300 ரூபாய்க்கு ஓ-ரிங் வாங்கலாமா, டெம்போக்காரர் 100 ரூபாய் கூடக் கேட்கிறார் கொடுக்கலாமா, ஒருவர் அரை நாள் லீவு கேட்கிறார், கரன்ட் போய்விட்டது ஜெனரேட்டர் போடலாமா. ஜெனரேட்டர் போட என் அனுமதி! இவர்களுக்குத் திறமை இல்லை என்று ஊரெல்லாம் புலம்பியிருக்கிறேன், பத்து வருடமாகக் கேட்காமல் எதையும் செய்யாதே என்று பழக்கியதே நான்தான்.

ஊர் திரும்பியதும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சூப்பர்வைசரோடு உட்கார்ந்தேன். அவர் 5,000 ரூபாய் வரை கேட்காமல் செலவு செய்யலாம், மெஷினை வேலைக்குத் தயார் செய்கிற செட்டர் 1,500 வரை. பில் டப்பாவில் இருக்க வேண்டும், சனிக்கிழமை பார்ப்பேன். லீவு, ஜெனரேட்டர், டெம்போ எல்லாம் அவர் பாடு. முதல் மாதமே 4,200 ரூபாய்க்குத் தப்பான கிரேடு இன்செர்ட் வாங்கிவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், அதுதான் இந்த முழுப் பயிற்சியிலும் கஷ்டமான இடம். மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலைக்கு அதே இன்செர்ட்டை அவராகவே எடுத்துப் பொருத்தினார். போன வருடம் தங்கை மகள் கல்யாணத்துக்கு 8 நாள் போனேன், மொத்தமே 6 போன்.

விலை சொல்வது, புதிதாக ஆள் எடுப்பதில் கடைசிச் சம்மதம், சம்பளத்துக்குப் பட்டன் அமுக்குவது, இந்த மூன்றையும் இன்னும் கையில் வைத்திருக்கிறேன். விலை சொல்வதையும் விட்டுவிடலாம் என்று மகள் சொல்கிறாள். பார்க்கலாம்.

சொந்தக்காரர்களை வேலைக்கு வைக்கலாமா?

வைக்கலாம், ஒரு ஹெல்பருக்கு உள்ள அதே பஞ்சிங், அதே லீவுக் கணக்கு அவருக்கும் இருந்தால். என் மச்சான் 9:40-க்கு வந்துகொண்டிருந்தார். இப்போது அவர் சொந்தமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், தீபாவளிக்குப் போய் வருகிறோம், உறவு நன்றாக இருக்கிறது.

பெங்களூரில் தொழில் செய்ய கன்னடம் கட்டாயமா? தமிழிலேயே ஓட்டிவிடலாமே?

அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ குடியிருந்தால் தமிழிலேயே காலத்தை ஓட்டிவிடலாம்தான். ஆனால் 34 பேரை வைத்து வேலை வாங்குகிறவன் அப்படி இருக்கக் கூடாது. என் ஷாப்பில் கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா நான்கும் ஓடுகிறது. என் கன்னடம் இலக்கணத்துக்கு அடங்காது, ஆனாலும் "ஊட்டா ஆய்த்தா" (சாப்பாடு ஆச்சா) என்று கேட்டுவிட்டு நின்று பதிலையும் கேட்பேன்.

மொழியை விட ஆழமான தப்பு ஒன்று செய்தேன். சூப்பர்வைசர் வேலைக்கு மண்டியாக்காரர் ஒருவர் எல்லா விதத்திலும் தகுதியாக இருந்தும், "நம்ம ஊர் பையன்" என்று திருப்பத்தூர் பக்கத்து ஆளை இரண்டு வருடம் வைத்துக்கொண்டு அல்லாடினேன். முக்கியமான பேச்செல்லாம் தமிழில் நடக்கும், மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் 2015-இல் மண்டியாக்காரரையே வைத்தேன். அடுத்த வருடம் செப்டம்பர் 12-ஆம் தேதி காவிரி விவகாரத்தில் கலவரம் வெடித்து, பீன்யா உட்பட நகரின் மேற்குப் பக்கம் பல போலீஸ் ஸ்டேஷன் எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். என் வண்டி டிஎன் நம்பர். மதியமே அவர் போன் செய்து, "சார், நீங்க கிளம்பாதீங்க, வண்டியையும் எடுக்காதீங்க" என்றார். செகண்ட் ஷிஃப்ட் ஆட்களை வீட்டுக்கு விடாமல் உள்ளேயே வைத்து, ஷட்டரை இறக்கி, அரிசி பருப்பு வாங்கிப் பொங்கிப் போட்டிருக்கிறார். அவர் வீட்டு வயலுக்குப் பாய்வதும் காவிரித் தண்ணீர்தான். அதைப் பற்றி நாங்கள் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

மீட்டிங் எத்தனை வைக்க வேண்டும்?

2 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது போர்டு முன்னால் நின்றபடி 10 நிமிடம், போகிற ஷிஃப்ட்டும் வருகிற ஷிஃப்ட்டும் சேர்ந்து. நாற்காலி போட்டால் முக்கால் மணி நேரமாகிவிடும்.

போனஸ், பிஎஃப், இஎஸ்ஐ இதிலெல்லாம் தலைமைக்கு என்ன இருக்கிறது? ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் இல்லையா?

10 பேர் சேர்ந்தால் இஎஸ்ஐ, 20 பேர் சேர்ந்தால் பிஎஃப், போனஸும் 20 பேரிலிருந்து. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. இதெல்லாம் ஆடிட்டருக்குத் தெரியும். ஆனால் பிஎஃப்புக்குப் பயந்து 19 பேரை மட்டும் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு மீதி ஆட்களைக் கைச்சம்பளத்தில் வைக்கலாமா என்று முடிவெடுப்பது ஆடிட்டர் இல்லை, நீங்கள்தான். அந்த மீதி ஆட்களுக்கும் அது தெரியும். போனஸைப் பொறுத்தவரை, எவ்வளவு என்பதை ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்பே போர்டில் எழுதிவிடுகிறேன். கடைசி நாள் கவரில் வைத்துக் கொடுத்து ஆச்சரியப்படுத்துகிற வேலையெல்லாம் வேண்டாம், அவர்கள் அதற்குள் ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், சீட்டுக் கட்ட வேண்டும்.

கையில் பணமே இல்லாத காலத்தில் ஆட்களிடம் என்ன சொல்வது?

2020 மார்ச் 24, ராத்திரி 8 மணிக்கு அறிவித்து நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. அப்போது 28 பேர், அதில் 11 பேர் ஒடிசா. சம்பள அக்கவுன்ட்டைத் தொட்டேன் என்று சொன்னது அப்போதுதான், மெட்டீரியல்காரர் ஒருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன்: மார்ச் முழுதாக வரும், ஏப்ரல் பாதிதான், மீதிப் பாதி ஆகஸ்ட் 15-க்குள். தைரியம் சொல்லத் தெரியவில்லை, தேதி மட்டும் சொன்னேன். மே மாதம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்ப ஷ்ராமிக் ரயில்கள் விட்டபோது 11 பேரும் கிளம்பிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 15 என் கையில் நிற்கவில்லை. அது தெரிந்ததும் ஆகஸ்ட் 1-ஆம் தேதியே மறுபடி 28 போன், அக்டோபர் ஆகும் என்று. சிலர் திட்டினார்கள், கேட்டுக்கொண்டேன். அக்டோபரில் கொடுத்தேன். ஒடிசாக்காரர்களில் 8 பேர் திரும்பி வந்தார்கள். மீதி 3 பேருக்கு ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டது, அவர்களுக்கும் அந்தப் பாதியை அனுப்பிவைத்தேன். ஒருவர் அக்கவுன்ட் மூடியிருந்து, அவர் தம்பி அக்கவுன்ட்டைத் தேடிப் பிடிக்க டிசம்பர் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வாட்ஸப் குரூப்பில் மெசேஜ் போடலாமா?

போடாதீர்கள். போன ஞாயிறு நானே காலை 7 மணிக்கு ஒரு டிராயிங் சந்தேகத்தைப் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் திங்கட்கிழமை காலை 6:05-க்குத்தான் பதில் போட்டார், வேண்டுமென்றே.